பதினாறு கலாஃப்

"உங்க வீட்டுல கலாஃப் இருக்கா தங்கச்சி?"

"இருக்குங்க."

"நெசமாவா? இந்த மண் வீட்டுலயா?"

"ஏங்க, மண் வீட்டுல இருக்கக் கூடாதா?"

"சேச்சே, தாராளமா இருக்கலாம். எத்தனை?"

"பதினாறு."

அவர் பேனாவை உதறி, காதில் ஏதோ தவறாக விழுந்துவிட்டதைப் போல என்னைப் பார்த்தார்.

"பதினாறா? படுக்கைவாட்டத்துலயா, நெட்டுவாட்டத்துலயா?"

"பத்து படுக்க வெச்சிருக்கேன். ஆறு தொங்குது."

"மூலையில?"

"மூலையிலயும் இருக்கு. ஈரம் ஏறாத மூலையாப் பாத்து."

"முனை விட்டுப்போகாம இறுக்கமா இருக்கா?"

"நானே சுத்திச் சுத்திக் கட்டினதுங்க. முடிச்சு அவிழவே அவிழாது."

"நீங்களேவா," என்று சொல்லிவிட்டு, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார் வீட்டைச் சோதிக்க வந்திருந்த பொறியாளர், மொஹந்தெஸ் செதாகத்.

இந்தப் பேச்சை நான் மனதுக்குள் ஆயிரம் தடவையாவது திரும்பப் பேசிப் பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் 'எத்தனை' என்ற இடத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். நடந்த அன்று மூடவில்லை.

நான் கம்பளம் நெய்கிறவள். என்னிடம் கலாஃப் இருக்கிறதா என்று கேட்டால் நூல்கண்டைத்தான் சொல்வேன். சிவப்பில் ஏழு, நீலத்தில் ஐந்து, பழுப்பில் நான்கு; அன்றைக்குச் சாயம் காய்ந்தது ஆறு, அலமாரியில் படுத்திருந்தது பத்து. கட்டடக்காரர்களுக்கு அதே சொல் வேறு பொருள். வீட்டைச் சுற்றி, சுவர்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல், இடுப்புக் கச்சை மாதிரி இறுக்கிப் பிடிக்கிற விட்டத்தை அவர்கள் கலாஃப் என்பார்கள். அஸ்திவாரத்தில் ஒன்று, கூரைக்குக் கீழே ஒன்று. இரண்டு இருந்தால் நல்ல வீடு. எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. இல்லை என்பதால்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் மனுப் போட்டிருந்தோம்.

அவர் உள்ளே வந்து பார்த்திருக்கலாம். ஆனால் என் கணவர் யதுல்லா அந்த நேரத்தில் ரொட்டிக்கடை அடுப்புக்கு முன்னால் இருந்தார். ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்குள் கால் வைக்கிற மனிதர் இல்லை செதாகத். வாசற்படியில் நின்றே தேநீர் குடித்தார். பார்க்கிறீர்களா என்று நான் கேட்டதற்கு, உங்கள் வார்த்தை போதும் என்றார். அவர் மரியாதை தெரிந்தவர். நானும் மரியாதைக்கு இரண்டாவது கோப்பை ஊற்றினேன்.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுடாத மண்கல், சேற்றுச் சாந்து, ஒரு முழத்துக்கு மேல் கனமான சுவர், மேலே வளைந்து கவிழ்ந்த மண் கூரை. மழைக்காலத்துக்கு முன்னால் வைக்கோல் கலந்த சேற்றைக் கூரை மேல் பூசுவது வழக்கம். என் மாமனாரும் அவருடைய அப்பாவும் வருடந்தோறும் பூசினார்கள். பழைய பூச்சை யாரும் சுரண்டி எடுத்ததில்லை. கூரை வருடா வருடம் பெருத்தது. சுவர் அப்படியே இருந்தது. மண்சுவர் தலையில் ஏற்றுகிற பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினால் அதற்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மூலை முதலில் விடும். அப்புறம் சுவர் வெளியே சாயும், கூரை உள்ளே வரும்.

இதை யதுல்லா புத்தகத்தில் படிக்கவில்லை. பத்தொன்பது வயதில், நிலநடுக்கத்தில் இடிந்த அடுத்த ஊரில் நான்கு நாள் வெறும் கையால் தோண்டியவர். செங்கல் வீடு இடிந்தால் உத்தரத்துக்கு அடியில் ஒரு ஆள் மூச்சு விடுமளவு சந்து கிடைக்கும் என்றும், மண் வீட்டில் அந்தச் சந்தும் கிடையாது, மூக்குவரை மண்தான் என்றும் ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய அக்கா அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அதற்குமேல் நான் கேட்டதில்லை.

மேற்குச் சுவரில், சன்னல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு விரிசல் ஓடியது. முதல் வருடம் நகம் நுழைந்தது. இரண்டாம் வருடம் விரல். கல்யாணம் ஆனதிலிருந்து அந்தப் பக்கம்தான் நான் படுப்பேன். விரல் நுழைந்த அன்றைக்கு என் தலையணையைத் தூக்கி நடுவில் போட்டுவிட்டுச் சுவர் ஓரத்தில் அவர் படுத்துக்கொண்டார். எங்கள் மகள் குல்நெசாவின் படுக்கை கதவோரம் போனது. சுவரைச் சுற்றி இரும்புப் பட்டை கட்டி, கூரையின் சுமையை இறக்கித் தரும்படி நிறுவனத்துக்கு மனு எழுதினோம்.

நிறுவனம் என்றால் மாகாணச் சுவர், கூரை மற்றும் நடுக்கத் தாங்குதிறன் உயர் நிறுவனம். முழுப் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவரை அதன் இயக்குநராக வைப்பார்கள் என்று கடைத்தெருவில் பேச்சு.

செதாகத் வந்துபோன பதினோராம் நாள் கடிதம் வந்தது. எங்கள் மனு தள்ளுபடி. விதிப்படி இரண்டு கலாஃப் வேண்டிய இடத்தில் பதினாறு இருப்பதால் மேற்கொண்டு உதவி தேவையில்லை. அடுத்த பத்தியில் வாழ்த்து. மாகாணத்திலேயே உறுதியான வீடு எங்களுடையது.

யதுல்லா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அலமாரியைப் பார்த்தார். நூல்கண்டுகளைப் பார்த்தார். நான் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நல்லவேளை பதினேழுன்னு சொல்லல தூபா," என்றார். "மந்திரியே வந்திருப்பாரு."

மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நிறுவனத்துக்குப் போனார். போகும்போது பத்து ரொட்டி கட்டி எடுத்துக்கொண்டார். வெறுங்கையோடு ஓரிடத்துக்குப் போக அவருக்குத் தெரியாது. திருத்தப் பிரிவில் இருந்தவர் ரொட்டியை வாங்கி வைத்துவிட்டு, படிவத்தில் கலாஃபைக் கூட்டுவதற்குக் கட்டம் இருக்கிறது, குறைப்பதற்குக் கட்டம் இல்லை என்று விளக்கினார். கலாஃப் குறைய வேண்டுமானால் சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். எடுப்பது குற்றம்.

"எங்க வீட்டுல கலாஃபே இல்லீங்க ஐயா," என்றாராம் இவர்.

"அப்ப பதினாறையும் பிடுங்கிட்டீங்களா?"

"அது நூலுங்க. கம்பளத்து நூல்."

அந்த மனிதர் கொஞ்சம் யோசித்தாராம். "எண்ணிக்கை சரிதானே?" என்றாராம்.

"எண்ணிக்கை சரிதாங்க."

"பின்ன எதைத் திருத்தச் சொல்றீங்க?"

யதுல்லா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார். எதற்கு நன்றி என்று கேட்டேன். பாவம், எழுந்து நின்று பேசினார் என்றார்.

இந்த இடத்தில் என் கணவரின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் எல்லோரும் பணிவாகப் பேசுகிறவர்கள்தான். கடைக்காரரிடம் விலை கேட்டால் 'உங்ககிட்ட என்னங்க' என்பார், நீங்கள் மூன்று தடவை வற்புறுத்தினால்தான் சொல்வார். விருந்தாளி நம் கம்பளம் அழகு என்றால் 'உங்களுதுதான், எடுத்துட்டுப் போங்க' என்போம். அவரும் எடுத்துக்கொண்டு போகமாட்டார். ஆனால் அந்த ஊரிலேயே யதுல்லா ஒரு படி மேல். எங்கள் கல்யாணத்துக்கு வந்த என் சித்தப்பா பதினொரு நாள் தங்கினார். தினமும் காலையில் தொப்பியை எடுப்பார். 'அதுக்குள்ளயா' என்பார் இவர். தொப்பி ஆணிக்குத் திரும்பிப் போகும். பன்னிரண்டாம் நாள் சித்தப்பாவுக்கே அலுத்துவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் வாசலில் கழற்றிய செருப்புகளை எடுத்து, போகும்போது மாட்ட வசதியாக முனை வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைப்பது இவர் வேலை. வந்தவரைப் போங்கள் என்று இந்த மனிதர் வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அடுத்த தடவை நானே போனேன். ஒரு சிவப்பு நூல்கண்டை எடுத்துப் போய் மேசை மேல் போட்டேன். இதுதான் நான் சொன்ன கலாஃப் என்றேன். மூன்று பேர் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவர் முகர்ந்துகூடப் பார்த்தார். அப்புறம் அதற்கு ஒரு எண் ஒட்டி, ரசீது கொடுத்து, சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

மூன்று வாரம் கழித்துச் சோதனை முடிவு வந்தது. இயந்திரத்தில் மாட்டி இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். மண்கல் இழுத்த மாத்திரத்தில் உதிர்ந்துவிட்டது. என் நூல் நெடுநேரம் தாக்குப்பிடித்திருக்கிறது. ஆகவே இழுவிசையில் மண்ணைவிட மிகப் பல மடங்கு உறுதியான, நிலநடுக்கத்தில் ஒடியாமல் வளைந்துகொடுக்கக்கூடிய, உள்ளூர்ப் பெண்களாலேயே செய்யத்தக்க நெகிழ்கலாஃப் கண்டறியப்பட்டிருப்பதாக எழுதி, கீழே இயக்குநர் டாக்டர் ஸாலாரி கையெழுத்துப் போட்டிருந்தார். பொய் ஒன்றும் இல்லை. கம்பளி நூல் இழுத்தால் தாங்கும்தான். அது அலமாரியில் இருக்கிறது, சுவரில் இல்லை என்பதைக் கேட்க அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

இதற்குள் டாக்டர் ஸாலாரி தலைநகரத்தில் ஒரு மாநாட்டில் எங்கள் வீட்டைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருந்தார். வெளியூர்க்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம். அதன் பிறகு எங்கள் மேற்குச் சுவர் விழுவது என்பது நிறுவனத்துக்கு ஒத்துவராத காரியம் ஆயிற்று.

செதாகத் ஒரு நாள் தனியாக வந்தார், யதுல்லா வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து. இந்தத் தடவை உள்ளே வந்தார். விரிசலுக்கு முன்னால் நின்றவர் வெகுநேரம் திரும்பவில்லை. திரும்பியபோது முகத்தில் ரத்தம் இல்லை. தன் தப்பு அவருக்குத் தெரிந்துவிட்டது. அறிக்கையைத் திருப்பி எடுக்க முடியுமா என்று கேட்டோம். அவர் எழுதியது ஒரு பக்கம்தான், அதன்மேல் இப்போது நூற்று நாற்பது பக்கம் கட்டியிருக்கிறார்கள், அடியிலிருந்து உருவினால் எல்லாம் சரியும் என்றார். கட்டடத்தைப் பற்றித்தான் பேசுகிறார் என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது.

ஒரு வழி இருந்தது. விரிசலின் குறுக்கே சுண்ணச்சாந்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூச்சு வைப்பார்கள். அதற்குச் சாட்சி என்று பெயர். சுவர் அசைந்தால் சாட்சி உடையும். உடைந்தால் சுவர் நகர்கிறது என்று எழுத்தில் நிரூபணம். செதாகத் தன் கையாலேயே குழைத்துப் பூசி, தேதி எழுதினார்.

ஒன்பது நாளில் சாட்சி நடுவில் இரண்டாக உடைந்தது. யதுல்லா ரொட்டி மாவுக் கையோடு நிறுவனத்துக்கு ஓடினார். கண்காணிப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார்.

"சாட்சி உடைஞ்சிருக்கே," என்றார்.

"ஆமாங்க," என்றோம் இருவரும், ஏறக்குறையச் சந்தோஷத்தோடு.

"உடைஞ்ச சாட்சி செல்லாதுங்க. புதுசு வெக்கணும்."

புதுசு வைத்தார். அதுவும் உடைந்தது. மூன்றாவதை இரட்டைக் கனத்தில் வைத்தார்கள், அடிக்கடி வர வேண்டியிருக்கக் கூடாது என்று.

பிறகு வாசலில் பலகை வந்தது. நீல எழுத்தில், மாகாணத்தின் முதல் பதினாறு-கலாஃப் இல்லம் என்று. அதற்குக் கீழே சிவப்பில், ஆபத்து நேரத்தில் உள்ளே ஓடி வரவும் என்று.

பக்கத்து ஊர்களிலிருந்து அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். தட்டும்போதெல்லாம் மண் உதிரும். நான் தேநீர் கொடுப்பேன். யதுல்லா செருப்புகளைத் திருப்பி வைப்பார். ஒவ்வொருவரிடமும் அவர் உண்மையைத்தான் சொன்னார். 'எங்க சுவர் ஒண்ணுக்கும் ஆகாதுங்க' என்று வாசலிலேயே சொல்வார். அவர்கள் அவர் தோளைத் தொட்டு, 'அப்படிச் சொல்லாதீங்க, உங்க பணிவு' என்பார்கள். 'இல்லீங்க, நெசமாவே விழுந்துடும்' என்பார். 'உங்க பெருந்தன்மைங்க' என்பார்கள். வாழ்நாள் முழுக்க மரியாதைக்குத் தன்னைத் தாழ்த்திப் பேசிய மனிதர் உயிர் போகிற உண்மையைச் சொன்னால் அது எந்தக் காதிலும் உண்மையாக விழவில்லை. தெருவில் நானும் சொல்லிப் பார்த்தேன். எதிர்வீட்டு ஷம்ஸி, 'கண்ணு படும்னு பயப்படுறியா' என்று கேட்டுவிட்டு, எனக்காகக் கண்ணேறு கழிக்கிற விதையைப் புகைத்துவிட்டுப் போனாள்.

அதற்கு அடுத்த வாரம் பள்ளிக்கூடம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

குல்நெசா படிக்கிற பெண்கள் பள்ளியைப் பரிசோதித்திருக்கிறார்கள். அது செங்கல் கட்டடம். கலாஃப் கான்கிரீட்டில் போட்டு, மேலே சாந்து பூசி, வெள்ளை அடித்திருந்தது. பரிசோதகர் நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, கலாஃப்: கண்ணில் படவில்லை என்று எழுதினார். எங்கள் வீட்டுத் தாளில் பதினாறு. இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்த டாக்டர் ஸாலாரி, பிள்ளைகளின் உயிரோடு விளையாட நிறுவனம் தயாராக இல்லை என்று அறிவித்தார். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும், மொத்தம் முப்பத்தொரு பெண்கள், எங்கள் பெரிய அறைக்கு மாற்றப்பட்டார்கள். மேற்குச் சுவரில் கரும்பலகை மாட்டினார்கள். அதற்கு ஆணி அடிக்கும் சத்தத்தில் யதுல்லா முற்றத்தில் குந்தி உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன்.

மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால், வீடுதான் பள்ளி. என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பலாம் என்றேன். "மத்த முப்பது பேரையும் யாரு வீட்டுக்கு அனுப்பறது?" என்றார் அவர்.

நாங்கள் செய்யாத தந்திரம் இல்லை. வெயில் நன்றாக இருக்கிறது, முற்றத்தில் உட்காரலாமே என்று பெஹ்ஜத் டீச்சரிடம் சொன்னோம். இரண்டு நாள் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள், பாதுகாப்பான கூரை கிடைத்தும் பயன்படுத்தாதது ஏன் என்று நிறுவனத்திலிருந்து டீச்சருக்கு விளக்கம் கேட்டுத் தாள் வந்தது. பாவம், அவளுக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. நான் அறைக்குள் வெங்காயம் வதக்கிப் புகை போட்டேன். பிள்ளைகளுக்குக் கண் கரித்தது, ஆனால் பசியெடுத்தது என்று கூடுதலாக உட்கார்ந்தார்கள். யதுல்லா குல்நெசாவைத் தனியாகக் கூப்பிட்டு, தரை லேசாக நடுங்கினாலும் ஒன்றையும் பார்க்காமல் முற்றத்து நடுவுக்கு ஓடிவர வேண்டும் என்று சொல்லி, மூன்று தடவை ஓடவும் வைத்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் முற்றத்தில் நூலை அலசிக்கொண்டிருந்தேன். தொட்டித் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. பிறகுதான் சத்தம் வந்தது, தெருவில் கனமான வண்டி ஒன்று வந்து நிற்காமல் போனது மாதிரி. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான். உள்ளேயிருந்து கூச்சல் கேட்டது. ஒரு பிள்ளையும் வெளியே வரவில்லை.

ஓடிப் போய்ப் பார்த்தேன். பெஹ்ஜத் டீச்சர் வாசலை மறித்து இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டிருந்தாள். நிறுவனத்தின் கட்டளை அப்படி: நடுக்கத்தின்போது பாதுகாப்பான இடத்தை விட்டு யாரையும் வெளியேற விடக்கூடாது. விரித்த கை இறங்கவில்லை. அவளுக்குப் பின்னால் புழுதி. புழுதிக்குள் முப்பத்தொரு தலைகள். மூன்றாவது சாட்சி தரையில் கிடந்தது.

குல்நெசா வாசலுக்கு மிக அருகில்தான் நின்றாள். டீச்சரின் கைக்குக் கீழே குனிந்தால் வெளியே வந்திருக்கலாம். பிறகு ஏனடி வரவில்லை என்று அவளை உலுக்கிக் கேட்டேன்.

"எல்லாரும் உள்ள இருக்கறப்ப நான் மட்டும் எப்படிம்மா வர்றது? நம்ம வீடு. அவங்க வந்தவங்க."

பத்து வயது. அப்பாவின் மகள். யதுல்லா கடையிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தார். அவள் சொன்னதைக் கேட்டு அவர் முகம், அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது இருப்பதுபோலச் சிவந்து, பிறகு வெளுத்தது.

அன்று மாலையே நிறுவனத்தின் அறிக்கை ஒட்டப்பட்டது. நடுக்கத்தில் ஊரில் பதினான்கு மதில்கள் விரிசல் விட்டன. பதினாறு-கலாஃப் இல்லத்தில் புதிய விரிசல் எதுவும் இல்லை. அது சரிதான். பழைய விரிசலில் இப்போது என் முழுக் கையும் போனது.

இந்த வெற்றியைக் கொண்டாட குளிர் தொடங்குகிற ஆஸர் மாதத்து நிலநடுக்க ஒத்திகையை எங்கள் வீட்டிலேயே நடத்துவது என்று முடிவாயிற்று. சங்கு ஊதியதும் தெருவே எங்கள் பெரிய அறைக்குள் ஓடி வர வேண்டும். செதாகத் முந்தின நாள் வந்து, தன்னால் தடுக்க முடியவில்லை என்றார். அவர் கண்ணில் நீர் நின்றது. இவர் அவருக்கும் தேநீர் கொடுக்கச் சொன்னார்.

அன்று காலை யதுல்லா வேலைக்குப் போகவில்லை. முகம் மழித்து, கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அவங்ககிட்ட எப்படித்தான் தூபா சொல்றது," என்றார். என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

"என்ன சொல்லணுமோ அதையே சொல்லுங்க."

"எனக்கு அந்த வார்த்தை வாயில வராதே."

சங்கு ஊதியது. முதலில் பிள்ளைகள், பிறகு ஷம்ஸியும் அவள் மாமியாரும், தையல்காரர், மருந்துக்கடைக்காரர், கைக்குழந்தையோடு இரண்டு பெண்கள், கடைசியில் அதிகாரிகள். கைக்குழந்தைகளை விட்டுவிட்டு எண்ணினேன். எண்பத்து மூன்று பேர். வாசலில் எண்பத்து மூன்று ஜோடிச் செருப்பு. யதுல்லா குனிந்து ஒவ்வொரு ஜோடியாகத் திருப்பி வைக்க ஆரம்பித்தார். நடுவிலேயே அவரைக் கைப்பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கிக்கு மின்சாரம் கொடுக்க ஒரு லாரியைக் கொண்டுவந்து மேற்குச் சுவரை ஒட்டி வெளியே நிறுத்தியிருந்தார்கள். அதன் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. சுவரில் கை வைத்தால் உள்ளங்கை கூசியது.

டாக்டர் ஸாலாரி கரும்பலகைக்கு முன்னால் நின்று பேசினார்.

"நம்ம நிறுவனம் உறுதின்னு சான்று கொடுத்த சுவர் எதுவும் இன்னைக்கு வரைக்கும் விழுந்ததா நம்ம பட்டியல்ல இல்ல. விழுந்த உடனே அதைப் பட்டியல்லேருந்து எடுத்துடறோம். அந்த அளவுக்கு நாங்க கறாரா இருக்கோம்." கைதட்டல். "சில பேரு கேக்கறாங்க, வந்து பாத்தீங்களா, தொட்டுப் பாத்தீங்களான்னு. நான் கேக்கறேன், பாத்தா மட்டும் சுவர் உறுதியாயிடுமா? சுவருக்கு ஆதாரம் மண்ணு இல்ல, கல்லு இல்ல. கோப்புதான். கோப்பு நேரா நின்னா சுவர் நேரா நிக்கும். நாளைக்கே இந்த ஊரு தரைமட்டமானாலும் எங்க கோப்பு ஒண்ணுகூட அசையாது. ஏன்னா அதையெல்லாம் நாங்க இரும்பு அலமாரியில, பாதாள அறையில வெச்சிருக்கோம்."

பலத்த கைதட்டல். முப்பத்தொரு பிள்ளைகளும் கைதட்டினார்கள், சொல்லிக்கொடுத்திருந்தார்கள். என் கையிலிருந்த தட்டில் சர்க்கரைக் கிண்ணம் இருந்தது. வெள்ளைச் சர்க்கரைக் கட்டிகளின் மேல் பழுப்பாகப் பொடி இறங்குவதைப் பார்த்தேன். நிமிர்ந்தேன். சுவரும் கூரையும் சேருகிற இடத்திலிருந்து மண் ஒரு மெல்லிய நூல் மாதிரி விடாமல் இறங்கிக்கொண்டிருந்தது. நேர் கீழே குல்நெசா. அவள் தலைமுடியில் விழுந்தது. தட்டிவிட்டுக்கொண்டு, பக்கத்துப் பிள்ளைக்கு இடம் விட்டு, இன்னும் சுவரை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரரை இரண்டு வார்த்தை பேசச் சொல்லி ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள்.

யதுல்லா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும். வீடு உங்களுது, உங்க காலடி பட்டது எங்க பாக்கியம், அதுக்குள்ள கிளம்பாதீங்க. எல்லோரும் அதற்கான புன்னகையோடு காத்திருந்தார்கள்.

"எங்க சுவர் ஒண்ணுக்கும் ஆகாதுங்க," என்றார்.

அன்பாகச் சிரித்துக் கைதட்டினார்கள். டாக்டர் ஸாலாரி, எவ்வளவு பணிவு பாருங்கள் என்பது போலக் கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பின்வரிசையில் செதாகத் மட்டும் எழுந்து நின்றுவிட்டார்.

யதுல்லா என்னைத் தேடினார். கல்யாணத்தன்றுகூட அப்படி என்னைத் தேடியதில்லை. நான் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய், வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டேன். டிசம்பர்க் குளிர் உள்ளே வந்தது. யாரோ, கதவை மூடும்மா என்றார்கள்.

அவர் ஒலிவாங்கியை மகளின் பக்கத்தில் தரையில் வைத்தார். அது இல்லாமலே அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"எழுந்திருங்க. செருப்பு மாட்ட நிக்காதீங்க, பிள்ளைங்களை முன்னால விடுங்க. என் வீட்டை விட்டு எல்லாரும் வெளிய போங்க."